மேற்குச் சரிவுக்கு மாமா பூசிய நிறம்

பிப்ரவரி 21

அன்புள்ள மாமா,

புத்தகம் வந்துவிட்டது! தபால்காரர் உறையை நீட்டியபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடிப்போய் வாங்கினேன். "கதைப் புத்தகமா?" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா, காடு, மண் வளப் பாதுகாப்புக் கொள்கை. அரசாங்கம் போட்டது" என்றேன். "அதையும் விட்டு வைக்கலையா நீ?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலைக்குள் பின்னிணைப்போடு முழுதும் படித்துவிட்டேன். சில வரிகள் அரசாங்கம் எழுதியது மாதிரியே இல்லை. "ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன, அதை ஒரு மழை கொண்டுபோக விடுவது அலட்சியம்." இதை எழுதியது யார் மாமா? அவர் உங்கள் ஆபீசில் எந்த மேஜையில் உட்காருவார்? அந்த வரியை அட்டையில் எழுதி என் படுக்கைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு, "தூங்கறப்பகூட பரீட்சையா?" என்றார்.

இனிமேல்தான் பெரிய செய்தி. கொள்கையின் முதல் கட்டத்தில் எங்கள் ஊர் மலை இருக்கிறது! நேற்று ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்தார். சரிவைச் சுத்தம் செய்து, படிப்படியாக வெட்டி, மரக்கன்றுக்குக் குழி தோண்ட பொக்லைன் ஓட்டும் ஆள் வேண்டுமாம். அப்பாவைத்தான் கேட்டார்! குவாரியை மூடிய நாளிலிருந்து அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூடச் சொன்ன உத்தரவுக்கு எல்லைக்கோடு வரைந்தது நீங்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால் நான் எழுதவில்லை.

ஆனால் இதை எழுதலாம். ஒப்பந்தக்காரர் போன பிறகு அப்பா, "கோடு போட்டு வேலையப் புடுங்கினவன், இப்ப கோடு போட்டே குடுத்திருக்கான் பாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார் மாமா! மீசைக்குள்தான், ஆனாலும் சிரிப்புதான். நான் சாட்சி.

முட்புதர் மூடிக் கிடக்கும் அந்தப் பழைய குவாரியிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் சேறு எங்கள் தெருவழியாக இறங்கிப் பள்ளிக்கூட வாசல்வரை வரும். நாங்கள் வகுப்பு வகுப்பாகக் கழுவித் தள்ளுவோம். இனி அங்கே மரம் வரும். மண் நிற்கும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நீங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வரலாம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

உங்கள் மருமகள்

பி.கு.: நாற்பதாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை. குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.


பிப்ரவரி 28

என் அருமை வாயாடிக்கு,

பிழை உண்மைதான். தட்டச்சு செய்தவரிடம் காட்டினேன். "யாரு கண்டுபிடிச்சது, மந்திரி ஆபீசா?" என்று வெலவெலத்துப் போனார். "அதவிட மேலிடம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மண்ணைப் பற்றிய அந்த வரியை எழுதியவர் ஜன்னலோர மேஜையில் இருந்த அம்மையார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மேலே உள்ளவர்கள் அடிக்க அடிக்க அவர் அதைத் திரும்பத் திரும்ப எழுதிச் சேர்த்தார். கடைசியில் அடித்தவர்களுக்குக் கை வலித்துவிட்டது.

என் வேலை அவ்வளவு கவித்துவமானது இல்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடத்துக்கு நிறம் பூசுவது. பச்சை என்றால் காடு, தொடக் கூடாது. மஞ்சள் விளைநிலம். பழுப்பு என்றால் வெற்று நிலம், நடவு செய்ய வேண்டியது. உங்கள் ஊர் வரைபடத் தாளை வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே கேட்டு வாங்கினேன். பழுப்பைப் பூசும்போது மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்காகப் பூசவில்லை, படத்தில் இருந்ததைத்தான் பூசினேன். ஆனாலும் பூசி முடித்தபோது மனதுக்கு இதமாக இருந்தது. இதை அவரிடம் சொல்லிவிடாதே. "பிச்சை போடறானா?" என்பார்.

நான் வருவது பற்றி: போன முறை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். "என் தட்டுல மண்ணப் போட்டுட்டு என் வீட்டுலயே உக்காந்து சாப்பிடறியா?" என்று கேட்டது சுத்தமாக மறந்துவிட்டது. அப்போது குழம்புக் கரண்டி அவருடைய எந்தக் கையில் இருந்தது என்பதுகூட.

இங்கே தலைமை வரைவாளர் இடம் காலியாகிறது. வரிசையில் அடுத்தவன் நான். பக்கத்து மேஜைக்காரர் இப்போதிருந்தே எனக்கு டீ வாங்கித் தர ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கு என் அன்பு.

மாமா


மார்ச் 9

மாமா, மாமா, மாமா!

அது குவாரி இல்லை!

இன்று காலை சுண்ணாம்புத் தூளால் கோடு போட ஆட்கள் வந்தார்கள். நான் குவாரிப் பாதையில் காத்து நிற்கிறேன். அவர்களோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேற்குச் சரிவில் ஏறுகிறார்கள். "அண்ணா, வழி மாறிட்டீங்க! குவாரி இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். "குவாரி இல்ல பாப்பா. மேப்புல இதுதான் பழுப்பு" என்றார் ஒருவர். விரித்தும் காட்டினார். மேற்குச் சரிவு முழுக்கப் பழுப்பு. குவாரி பச்சை!

மாமா, மேற்குச் சரிவு ஒரு காடு. இப்போது அதில் இலை இல்லை என்பது உண்மைதான். ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு நிற்கும். மழை தொடங்கியபின் போய்ப் பார்த்தால் உள்ளே வெயில் விழாது. என் வகுப்பறை ஜன்னலில் அதுதான் தெரியும். கணக்குப் பாடத்தில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலத்தில் அங்கிருந்து வரும் ஓடை தெளிவாக இருக்கும். குவாரிப் பக்கத்துத் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி வரும். இரண்டும் பள்ளி மதிலோரம் சேரும் இடத்தில், பாதி சிவப்பும் பாதி தெளிவுமாகக் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடும்.

பள்ளி விட்டதும் என் பெஞ்சுத் தோழியை இழுத்துக்கொண்டு அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நடந்தேன். மரம் வந்தால் கோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடிமரத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அது காடு."

"மேப்புல என்ன போட்டிருக்கு?"

"பழுப்பு. ஆனா..."

"அப்ப பழுப்புதான். உங்க மாமா மேப்பால எனக்கும் ஒரு தடவ நல்லது நடக்கட்டும், விடு."

மழைக்கு முன் குழிகள் தயாராக வேண்டுமாம், அதனால் அடுத்த மாதக் கடைசியில் வேலை தொடங்கிவிடும். மாற்றிவிடுங்கள் மாமா! நிறத்தைத்தானே மாற்ற வேண்டும்!

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

"நிறத்தைத்தானே" என்று எழுதியிருக்கிறாய். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற நிறமா இது? அந்தத் தாளில் மூன்று துறைகளின் கையெழுத்து இருக்கிறது.

நீ எழுதியதற்காகப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழுப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய பழுப்பு. குவாரியோ பச்சை, மூடியபின் அங்கே மரம் முளைத்துவிட்டது போல. படத்தை விடு, என் கண் பொய் சொல்லுமா? உங்கள் மொட்டை மாடியில் அக்காவுக்குத் துணி பிழிந்து கொடுத்துக்கொண்டே எத்தனை முறை அந்த மலையைப் பார்த்திருப்பேன்! ஒரு தடவைகூட அதைப் பச்சையாகப் பார்த்ததில்லை. அக்கா கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்து எனக்கு அது மொட்டை மலைதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சி நிற்கிற இடத்தையெல்லாம் காடு என்றால் என் பெட்டியில் பச்சை நிறம் போதாது. நீ ஜன்னல் வழியாகக் கனவு காண்கிறாய். கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று அக்கா எழுதினாள்.

மச்சான்தான் உன்னை எழுதச் சொன்னாரோ, என் தாளில் குற்றம் கண்டுபிடிக்க, என்று முதலில் நினைத்தேன். பிறகு அறிவு வந்தது. வேலை போவது அவருக்குத்தானே? அதை நீ யோசித்தாயா? இரண்டாவது தடவையும் அவர் வேலையைப் பறித்தவன் என்று நான் பெயர் வாங்க வேண்டுமா? இந்த முறை உன்னையும் சேர்த்துக்கொண்டு?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. யார்மேல் என்று இன்னும் தெரியவில்லை.

பரீட்சைக்குப் படி.

மாமா


மார்ச் 21

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு வரியில் எழுந்தே நின்றுவிட்டேன். "ஒரு தடவைகூட அதைப் பச்சையாகப் பார்த்ததில்லை."

நீங்கள் எப்போது வருவீர்கள் மாமா? என் பள்ளி விடுமுறைக்கு! கோடையில்! ஒவ்வொரு தடவையும் கோடையில்! அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "தம்பி மழைக்கு வந்ததே இல்லடி. நனைஞ்சா சளி புடிக்கும்னு அவனுக்கு சின்னதுலேர்ந்து பயம்" என்றாள்.

நீங்கள் பார்த்தது பொய் இல்லை. ஆனால், ஒருவர் தூங்கும்போது மட்டுமே போய்ப் பார்த்துவிட்டு அவர் ஊமை என்று எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொள்கையின் நான்காம் பகுதியையும் பாருங்கள். "இயல்பாக வளர்ந்த காடுள்ள நிலத்தை, மரம் நடுதலின் பெயராலும் கலைக்கலாகாது." புத்தகமே சொல்கிறது! கொள்கைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை மாமா. நான் உங்கள் புத்தகத்தின் கட்சி. உங்கள் தாளுக்குத்தான் எதிர்க்கட்சி.

நேற்றும் ஏறினேன். ஒரு கிளையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை, ஈரம்! சருகை விலக்கினால் மண் கறுப்பாக இருக்கிறது, விரல் தானாக இறங்குகிறது. குவாரிப் பக்கம் போய் அதையே செய்தேன். நகம்தான் உடைந்தது.

அப்பாவைப் பற்றி யோசித்தாயா என்று கேட்டீர்கள். ஒப்பந்தக்காரர் பொக்லைன் சாவியை இப்போதே அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கிறார். சாப்பிடும்போதும் தட்டுகிறார். அதைப் பார்த்தால் உங்களுக்கு எழுதவே பயமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 27

அடி பொடிசே!

ஏப்ரல்! படம் எடுத்தது ஏப்ரல் கடைசி வாரம்!

வெட்டாத மூலப்படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படத்தின் கீழோரத்தில் பொடி எழுத்தில் மாதமும் தேதியும் இருக்கும். நாங்கள் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் தாளோடு பொருத்துவோம், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று. என் பிரிவில் எல்லாரும் அப்படித்தான். நானே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், "ஓரம் வேண்டாம், அசிங்கம்" என்று.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பழைய படங்கள் அடுக்கிய அறைக்குப் போனேன். நீர்த்துறைக்காக வேறொரு வருடம் மழைக்காலத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. தூசியைத் துடைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். மருமகளே, மேற்குச் சரிவு பச்சைப் பசேல்! மேகம் இறங்கி மலையில் உட்கார்ந்த மாதிரி அவ்வளவு அடர்த்தி! அதே படத்தில் குவாரியும் பச்சைதான், ஆனால் பச்சைக்கு நடுவே சிவப்புக் கீறல்கள் ஓடுகின்றன. அது எந்தக் கோடையிலும் காயாத முட்புதர். வானத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரி ஏமாற்றியிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அறைக் காவலர் கம்போடு ஓடி வந்து, "பாம்பா சார்?" என்றார்.

இனி நிதானமாகக் கேள். வரைந்தவனே தன் தாளை மாற்ற விதி இல்லை. வேலை தொடங்குவதற்கு முன் ஊர்க்காரர்கள் ஆட்சேப மனு கொடுத்தால், குழு வந்து பார்த்தே ஆக வேண்டும். பகுதி ஒன்பது. நீ அதையும் மனப்பாடம் செய்திருப்பாய். மழைக்காலப் படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மனுவோடு சேர்த்துக் கொடு. குழுவில் நான் வர முடியாது, வரவும் கூடாது.

ஒன்று மட்டும். மச்சானிடம் சொல்லிவிட்டுச் செய். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை கோடு போட்டது போதும்.

மாமா


ஏப்ரல் 15

அன்புள்ள மாமா,

குழு வந்து போய்விட்டது! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடி முதலில் அப்பாவிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். அவர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார். பெரியவர்கள் போட வேண்டும் என்றேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். அறிவியல் ஆசிரியை போட்டார். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு இருக்கைமேல் வைத்தே போட்டார். அப்பா போடவில்லை. "உன்னத் தடுக்க மாட்டேன். ஆனா என் கையால போடச் சொல்லாத" என்றார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான்.

குழுவில் இரண்டு பேர். வன அலுவலர் அம்மா, மண்வள அலுவலர். ஒப்பந்தக்காரர் அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். நான் ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தேன். அவர்கள் சரிவில் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோய், ஒரு கிளையைச் சுரண்டி, "மேடம், உள்ள பச்சை!" என்று கத்தினேன்.

"தெரியும்மா" என்று அவர் சிரித்தார். "மரத்துக்கு உயிர் இருக்கான்னு பாக்க நான் வரல. இது காடா, இல்ல தனித்தனி மரமான்னு பாக்கணும்."

அவர் மண்டியிட்டுச் சருகை விலக்கினார். அடியில் விரல் உயரத்தில், முழங்கை உயரத்தில், என் உயரத்தில் என்று கன்றுகள்! "கைக்குழந்தை, பள்ளிக்கூடப் பசங்க, காலேஜ், கல்யாணமானது, எல்லாம் ஒரே வீட்டுல. இது குடும்பம்தான்" என்று எழுதிக்கொண்டார். மண்வள அலுவலர் ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே சரிவில் கவிழ்த்தார். ஒரு சொட்டு வழியவில்லை. "குடிச்சிடுச்சு மேடம்! மொத்தமும் குடிச்சிடுச்சு!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்போது ஒப்பந்தக்காரர், "மரத்த விட்டுட்டு நடுவுல வெட்டிக்கலாம் மேடம். நாலு மரம் போகும், அவ்வளவுதான்" என்றார்.

வன அலுவலர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்கதான ஓட்டப்போறீங்க? நாலு மரத்தோட முடியுமா?"

அப்பா ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். கீழே நிற்கும் பொக்லைனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"முடியாது" என்றார். "மெஷின் திரும்பவே எடம் வேணும். இந்தக் கோட்டுல போனா இங்க ஒண்ணும் நிக்காது. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

சாவியை எடுத்து ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பின்னால் ஓடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை.

"அப்ப வெத்து நிலம் எங்கதான் இருக்கு?" என்று வன அலுவலர் கேட்டார். "குவாரி!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் பேனாவைத் தவறவிட்டார். எல்லாரும் அந்தப் பக்கம் போனோம். மண்வள அலுவலர் புதரை விலக்கி ஓர் அடி வைத்தார், ஆளைக் காணோம்! இடுப்புவரை ஒரு வெட்டுப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, "மேடம், இது பச்சை இல்ல, இது குழி" என்றார். பள்ளிக்கூட வாசலுக்கு வரும் சேறெல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

குறிப்பு உங்கள் ஆபீசுக்கு வருகிறதாம். தாளைத் திருத்துவது உங்கள் மேஜையில்தானாம். சீக்கிரம், மாமா!

உங்கள் மருமகள்


ஏப்ரல் 21

மருமகளுக்கு,

குறிப்பு வந்தது. இரண்டு தடவை படித்தேன். மச்சான் பதில் சொன்ன இடத்தை அதற்கு மேலும்.

திருத்தத் தாளில் "பிழைக்குக் காரணம்" என்று ஓர் இடம் உண்டு. மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, "படம் எடுத்த நிறுவனத்தோட தப்புன்னு போட்டுடுங்க, உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்கிறார். அப்படி எழுதினால் அவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் மழை வந்து போய்விடும். அதுவரை பழைய தாள்தான் செல்லும். "ஓரத்தை வெட்டினோம், மாதம் பார்க்கவில்லை" என்று உள்ளதை எழுதினால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். தலைமை வரைவாளர் இடமும் முடிந்துவிடும்.

எத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நிதானமாக யோசித்துச் செய்கிறேன். கொஞ்சம் பொறு.

மாமா


ஏப்ரல் 24

மாமாவுக்கு,

"அன்புள்ள" என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

நிதானமாக யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மழை நிதானமாக யோசிக்காது. ஒப்பந்தக்காரரும் யோசிக்க மாட்டார். மாதம் முடிவதற்குள் புதிய தாள் வராவிட்டால் பழைய கோட்டிலேயே போவேன் என்கிறார். வேறு ஊரிலிருந்து ஓட்டுநரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் தினமும் மெஷினைக் கிளப்பிப் பார்க்கிறார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அப்பா, ஏற்கெனவே சரிசெய்த நாற்காலியை மறுபடி சரிசெய்கிறார்.

அப்பா யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு விடும் நேரம். உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

மேல்மண்ணைப் பற்றி அந்த அம்மையார் எழுதிய வரியை நீங்கள்தான் எனக்கு அனுப்பினீர்கள். கடைசி வார்த்தையைப் போய்ப் பாருங்கள்: அலட்சியம்.

மருமகள்


ஏப்ரல் 30

எதிர்க்கட்சித் தலைவிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். "பிழை வரைவாளருடையது. படத்தின் ஓரத்தை வெட்டினேன். மாதம் பார்க்கவில்லை. கோடையில் மட்டுமே அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்." கடைசி வரி தேவையில்லை என்றார் மேலாளர். இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற துறைகளின் கையெழுத்துக்கு நானே தாளைச் சுருட்டிக்கொண்டு மாடி மாடியாக ஓடினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நனையாமலே எனக்கு மூச்சிரைப்பு! ஒரு துறையில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். சாப்பிடுகிறவர் எதிரிலேயே நின்றேன். அவர் இடது கையால் போட்டார்.

மேற்குச் சரிவு இப்போது பச்சை. குவாரி பழுப்பு. அங்கே மரம் நடுவதற்கு முன் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் நீளப் பள்ளங்கள் வெட்ட வேண்டும், மழைநீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்க. அதற்கான கோடுகளையும் நானே வரைந்தேன். உத்தரவு ஒப்பந்தக்காரருக்கு நேற்றே தந்தியைவிட வேகமாகப் போய்விட்டது, தொலைபேசியில்.

பக்கத்து மேஜைக்காரர் தலைமை வரைவாளராகிறார். இன்று டீயை நான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல டீதான், குடிக்கக் கொஞ்சம் நேரமானது.

இனி எங்கள் பிரிவில் யாரும் ஓரத்தை வெட்டக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. என் வாழ்நாளில் என்னால் வந்த முதல் சுற்றறிக்கை.

குவாரி வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

மாமா


ஜூன் 19

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள மாமா!

மூன்று "அன்புள்ள" போட்டிருக்கிறேன். ஒன்று இந்தக் கடிதத்துக்கு, ஒன்று போன கடிதத்தில் விட்டதற்கு, ஒன்று உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு. வேலை முடியாமல் எழுத மனம் வரவில்லை.

வெளியூர் ஓட்டுநர் குவாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இந்தப் பள்ளத்துல நான் எறங்க மாட்டேன்" என்று மெஷினை நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவே இல்லை. "சாவி" என்று கையை மட்டும் நீட்டினார்.

மே மாதம் முழுக்க அப்பா குவாரியில் பள்ளம் வெட்டினார். முதலில் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "ஏய் ஆபீசர், இந்த மட்டக்கோடுன்னா என்ன? உன் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டார். என்னிடம்! நேராக! நான் சோற்றை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுக்க ஓடினேன். அம்மா திட்டினாள், சிரித்துக்கொண்டே.

நேற்று பெருமழை. பள்ளிக்கூடமே வராந்தாவில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. துடைப்பங்களோடு தயாராக இருந்தோம். தண்ணீர் வந்தது மாமா, ஆனால் சேறு வரவில்லை! கலங்கல்தான், கண்ணாடி மாதிரி இல்லை, ஆனாலும் வாசற்படி தெரிந்தது! சின்ன வகுப்புக் குழந்தைகள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆடின.

நான் குடையோடு குவாரிக்கு ஓடினேன். பள்ளங்களில் வரிசை வரிசையாகத் தண்ணீர் நிற்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரை உடைந்து வழிந்துகொண்டிருந்தது. அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றார். மண்வள அலுவலரும் நனைந்துகொண்டே அளவுகோலோடு நின்றார்.

"கோடே கோணல் சார்" என்றார் அப்பா.

"கோடு சரியாத்தான் இருக்கு. கரைய நீங்க சன்னமா போட்டுட்டீங்க" என்றார் அவர். அளந்தும் காட்டினார்.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அளவெல்லாம் எனக்கு வேணாம். கோணல்னா கோணல்தான். வரைஞ்சவன் வரட்டும். இங்க வந்து, இந்தச் சேத்துல நின்னு, என் மூஞ்சியப் பாத்து சரின்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "எழுது உங்க மாமாவுக்கு. கோடையில வந்து மாடியில நின்னு பாக்கற வேலையெல்லாம் வேணாம். இப்ப வரச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் போனவர் நின்று, "குடை எடுத்துட்டு வரச் சொல்லு. சளி புடிச்சா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா" என்றார்.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன் மாமா. நான் சாட்சி.

அம்மா உங்கள் அறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாலம் தாண்டியதும் எழுந்து தயாராகிவிடுங்கள். நம் ஊர் இன்னும் வரவில்லை என்று நினைத்து உட்கார்ந்தே இருந்துவிடாதீர்கள். அந்த மலையை உங்களுக்கு அடையாளம் தெரியாது.

உங்கள் மருமகள்